விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் மருத்துவக் கல்லூரிகளைத் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் நீட் தேர்வு முடிவு வந்து மாநிலத் தரவரிசைப் பட்டியலும் வெளியானவுடன், என்னிடம் படித்தவர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் பெற்றோரை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "சார், எந்தக் காலேஜை முதல்ல போடுறது?" அவர்கள் கையில் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் நிறைந்தது என்ற பட்டியல் இருக்கும்; அதை மேலிருந்து கீழாக அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள் பிள்ளை வாழப்போகும் இடத்தை அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டும் என்று விரும்பினாலும் பார்ப்பதற்கு வழி இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இக்கடிதம். தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளுக்கும், எந்தக் கல்லூரி முதலில் என்று மாணவர் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியலை இனி மாற்ற முடியாதபடி பூட்டும் நாளுக்கும் இடையில், தமிழகத்தின் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும், அரசுக் கல்லூரியானாலும் தனியார் கல்லூரியானாலும், இரண்டு நாட்களேனும் மாணவர்களையும் பெற்றோரையும் உள்ளே அழைத்துக் காட்ட வேண்டும்.

மருத்துவக் கல்லூரிக்கு வரும் மாணவரை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. 1970இல் என் மூத்த அண்ணன் புகுமுக வகுப்பு முடித்து எம்.பி.பி.எஸ். நேர்காணலுக்குச் சென்றபோது எனக்கு வயது பத்து. அப்பா அண்ணனுக்குப் புது வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்து அழைத்துப் போனார். அடம்பிடித்து நானும் கூடப் போனேன். காலை எட்டு மணி முதல் ஒரு நீண்ட வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிற்பகலில் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்கை வாயில் போட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதை மடிப்பதற்குள் அண்ணன் வெளியே வந்துவிட்டார். கேட்டது இரண்டே கேள்விகள்: தகப்பனாருக்கு என்ன தொழில், டாக்டராகாவிட்டால் என்ன செய்வாய். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அவரைவிடப் பாடங்களில் குறைந்த மதிப்பெண் பெற்ற வகுப்புத் தோழர் ஒருவரின் பெயர் வந்திருந்தது. அண்ணன் கணக்குப் படித்து மலேசியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்த ஆண்டு நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதே 1970-71ஆம் கல்வியாண்டுச் சேர்க்கையை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர்கள் தொடுத்த வழக்கில், கல்லூரிகளைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுக்குழு அமைத்த முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தத் தகுதிக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடாமல் நேர்காணல் மதிப்பெண்ணை மொத்தமாகப் போட்டதையும் கண்டித்தது. பத்தாண்டுகள் கழித்து, ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை வழக்கில், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்குக் கொடுப்பது தகாது என்றும், 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்பதை வயது வந்த பிறகு இந்தத் தீர்ப்புகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே நேர்காணல் மீண்டும் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை நேர்மையாக நடத்த முடியும் என்பதற்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். படிப்பு முடிந்து எளிய ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றக்கூடியவர்கள் யார் என்று பார்த்துப் பார்த்து நெடுங்காலம் மாணவர்களைச் சேர்த்த கல்லூரி அது. நீட் வழிச் சேர்க்கை கட்டாயமாகி, தன் முறைப்படி தேர்வு செய்ய முடியாத நிலை 2017இல் வந்தபோது, 100 இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற இடங்களைக் காலியாக விட்டது. அந்தப் பிடிவாதத்தின் பின்னிருந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் பல்லாயிரம் பேர் போட்டியிடும் மாநிலச் சேர்க்கையில் அத்தகைய பொறுமை எல்லா அறைகளிலும் இருக்கும் என்று நம்ப, அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு மனம் வரவில்லை. நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். அதற்குள் இங்கே நான் போகவில்லை. எந்தத் தேர்வின் வழியாக வந்தாலும், இடம் கிடைக்கும் நிலையில் உள்ள மாணவர் தன் கல்லூரியைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கவலை.

அந்த அண்ணனின் பேத்தி அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே நேர்காணல் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருபதாண்டுகளுக்கு முன் உருவாக்கி, அங்கும் பல கல்லூரிகள் பின்பற்றும் முறையில், மாணவர் ஒரே குழுவின் முன் உட்காராமல், எட்டு நிமிடத்துக்கு ஓர் அறை என்று பல அறைகளுக்குள் சென்று ஒவ்வொன்றிலும் புதிய ஒருவரைச் சந்திக்கிறார். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் மற்றவர்கள் தனியாக மதிப்பிடுகிறார்கள். அது நமக்கு உடனே ஒத்துவராது. அவள் தொலைபேசியில் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை உட்கார வைத்துவிட்டது. எல்லா நேர்காணல்களின் முடிவிலும், "நீங்கள் எங்களிடம் கேட்க விரும்புவது என்ன?" என்று கேட்டார்களாம். இடம் கிடைத்த பிறகு, இன்னொரு முறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கல்லூரிகளே அழைத்தனவாம். ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட வேண்டும்; அதற்குள் அவள் மூன்று ஊர்களுக்குப் போய் வந்தாள்.

எதை வைத்து முடிவு செய்தாய் என்று கேட்டேன். "சின்னையா, எல்லா எடத்துலயும் ஒரே கேள்விதான் கேட்டேன். இங்க ஒருத்தர் ஒரு பரீட்சையில ஃபெயிலானா என்ன நடக்கும்னு." இரண்டு இடங்களில் மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். மூன்றாவது இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தான் உடற்கூறியலில் தோற்றதையும், அந்தத் துறைப் பேராசிரியர் ஐந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தன்னை அருகில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததையும் தயங்காமல் சொன்னாளாம். பெயரில் அந்த மூன்றில் சிறிய கல்லூரி அதுதான். அங்கேதான் சேர்ந்தாள்.

அந்தக் கேள்வியை நான் நம் ஊருக்கு எடுத்துக்கொண்டேன். ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் தொழிலாளி ஒருவரின் மகள், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், அத்தகைய பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் தரவரிசையில் வந்திருந்தாள். அப்பாவும் மகளும் வழக்கமான கேள்வியோடு வந்தார்கள். நான் அவரிடம் அவர் தொழிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த கல்லை, வண்டியில் ஏற்றுவதற்கு முன் அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாராம். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும் என்றார். "அப்படியானால் காலேஜையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் பேருந்து ஏறினார்கள். இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பார்ப்பது என்று திட்டம். முதல் கல்லூரியில் காவலாளி, "பேஷண்டா? இல்லைன்னா உள்ள விட முடியாது" என்று சொல்லிவிட்டார். புறநோயாளிகள் பகுதியை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்றிருந்த மாணவர்களிடம் மகள் கேட்டாள்: தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? "கஷ்டம்தான், பாதிப் பேருக்கு அரியர் இருக்கும்" என்று பதில் வந்தது. இரண்டாவது கல்லூரியிலும் காவலாளி தடுத்தார். ஆனால் அந்த வழியாக வந்த மாணவி ஒருத்தி, தானும் அதே ஒதுக்கீட்டில் வந்தவள் என்று சொல்லி, இவளை விடுதி வரவேற்பறை வரை அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே மேசை மேல் நூறு பக்க நோட்டு ஒன்று கிடந்தது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்: அக்சிலா என்றால் அக்குள், பட்டெல்லா என்றால் முழங்கால் சில்லு, ஸ்ப்ளீன் என்றால் மண்ணீரல். இரவு உணவு முடிந்ததும் மூத்த மாணவிகள் முதலாண்டு மாணவிகளுக்குப் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்து எழுதவைத்த நோட்டு அது. ஆண்டுக்கு ஆண்டு கை மாறி வருகிறது என்றார்களாம்.

இரண்டாவது கல்லூரி முதலாவதைவிடப் பிற்காலத்தில் தொடங்கியது. கட்-ஆஃப் பட்டியலில் கீழே இருப்பது. அந்த ஒதுக்கீட்டுக்காகச் சென்னையில் நேரில் நடந்த கலந்தாய்வில் அவள் அந்தப் பெயரைச் சொன்னபோது, அங்கிருந்த அலுவலர், இதைவிடப் பெரிய கல்லூரியில் இடம் இருக்கிறதே, இன்னொரு முறை யோசித்துச் சொல் என்று அன்போடுதான் சொன்னாராம். "பார்த்துட்டுத்தான் வந்தோம் ஐயா" என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனவர்கள் திரும்பி வந்து இதை என் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது, அவர் குரலில் இருந்த உறுதியை நான் மறக்கவில்லை. அந்தப் பெண் முதலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டாள். கல்லூரி மாறியிருந்தால் தேறியிருக்க மாட்டாள் என்று நான் வாதிடவில்லை. அவள் உழைப்பு அவளுடையது. ஆனால் தனக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனாள்.

காவலாளி மேல் எனக்குக் குறை இல்லை. நோயாளிகள் இருக்கும் இடத்தில் கண்டவரையும் உள்ளே விட முடியாது. அதனால்தான் நாள் குறித்து, ஆள் வைத்து, கல்லூரியே காட்ட வேண்டும் என்கிறேன்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்க இடம் இல்லாமல் இல்லை. மதுரை மருத்துவக் கல்லூரி 1954 முதல் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே சிவகங்கையில் 2012இல் கல்லூரி வந்தது. புதுக்கோட்டையில் 2017இல் வந்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று. பழையது மேல், புதியது கீழ் என்று கட்-ஆஃப் பட்டியல் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பழைய பெரிய கல்லூரியில் அரிய நோய்கள் வரும், உயர் சிறப்புப் பிரிவுகள் இருக்கும், முதுநிலை மாணவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அதே சமயம் ஆண்டுக்கு 250 பேர் சேரும் இடத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டமும் பெரிது. நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் முறை வருவதற்குள் மணி அடித்துவிடலாம். ஆண்டுக்கு 100 பேர் சேரும் கல்லூரியில் கைக்கு வேலை கிடைக்கும், ஆனால் சில துறைகளில் சொல்லித்தர மூத்தவர்கள் போதாமல் இருக்கலாம். கூச்சப்பட்டுப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைக்கும், முட்டி மோதி முன்னால் போகும் பிள்ளைக்கும் ஒரே கல்லூரியை நான் எப்படிச் சொல்வது?

பெயரை மட்டும் நம்பினால் ஊரே மாறிப்போகலாம். மதுரை எய்ம்ஸின் முதல் அணி மாணவர்கள் 50 பேர் 2022இல் சேர்ந்தபோது, அவர்களுடைய வகுப்புகள் தொடங்கியது எய்ம்ஸுக்கு இடம் ஒதுக்கப்பட்ட மதுரை அருகிலுள்ள தோப்பூரில் அல்ல. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில். விசாரித்துவிட்டுச் சேர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சி இருந்திருக்காது.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் மகனை வேறு மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். பளபளக்கும் கையேட்டில் கட்டடங்களின் படங்களைப் பார்த்ததோடு சரி. கட்டடம் உண்மைதான், கட்டில்களும் உண்மைதான், நோயாளிகள்தான் இல்லை. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டி வந்து படுக்க வைப்பார்கள் என்று மூன்றாம் ஆண்டில் மகன் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவன் தன் கையால் முதல் பிரசவம் பார்த்தது, படிப்பு முடித்து ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த செவிலியர் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துத்தான். அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. 100 இடங்கள் உள்ள கல்லூரிக்கு 420 படுக்கைகள் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி சொல்கிறது. அந்தப் படுக்கைகளில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு யார் படுத்திருக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

திறந்து காட்டும் நாளில் பெற்றோர் ஸ்மார்ட் வகுப்பறையையும் நூலகத்தின் குளிர்சாதனத்தையும் பார்த்து மயங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி மருத்துவர்களைத் தனியே சந்திக்க வேண்டும். நாங்கள் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்லிப் பழகிய அந்தப் பிள்ளைகள்தான் கல்லூரியின் உண்மையைச் சொல்லக்கூடியவர்கள். நாலரை ஆண்டுப் படிப்பைக் கடந்தவர்கள், இன்னும் வெளியேறாதவர்கள். எத்தனை பிரசவங்களைத் தாங்களே பார்த்தார்கள், தையல் போட யார் கற்றுக்கொடுத்தார்கள், அல்லது நாள் முழுவதும் ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலேயே அந்த ஓராண்டு போயிற்றா, உதவித்தொகை சொன்னபடி கைக்கு வருகிறதா என்று அவர்களைக் கேட்கலாம். உடற்கூறியல் கூடத்தில் ஓர் உடலுக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்கலாம். விடுதிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம், இரவுப் பணி முடிந்து மாணவி எந்த வழியில் திரும்புகிறாள் என்பதை அம்மாக்கள் கட்டாயம் நடந்தே பார்க்க வேண்டும். ராகிங் புகார் தர 1800-180-5522 என்ற எண் இருப்பது பல மாணவர்களுக்குத் தெரியும். புகார் தந்தால் அந்தக் கல்லூரியில் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்பதை விடுதிக் காப்பாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், என் அண்ணன் பேத்தி கேட்ட கேள்வி: தோற்றவருக்கு இங்கே என்ன நடக்கிறது? பன்னிரண்டாம் வகுப்பு வரை தோல்வியே அறியாத பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில்தான் முதன்முதலாகத் தோற்கிறார்கள். அப்போது அவர்கள் தனியாக இருக்கக் கூடாது.

பேராசிரியர்களுக்கு நேரம் இல்லை, நோயாளிகளின் அந்தரங்கம் கெடும் என்று மறுப்பு வரக்கூடும். நியாயமான கவலைகள்தான். நோயாளிகள் படுத்திருக்கும் அறைகளுக்குள் கூட்டமாகப் போகத் தேவையில்லை. புறநோயாளிகள் பகுதி, வகுப்பறை, உடற்கூறியல் கூடத்தின் வாசல், விடுதி, உணவகம் ஆகியவற்றைச் சிறு குழுவாகப் பார்த்தால் போதும். அழைத்துச் செல்லும் பொறுப்பை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமே விடலாம். பேராசிரியர் அருகில் இல்லாவிட்டால் பேச்சு இன்னும் வெளிப்படையாக இருக்கும். வெகுதூரத்திலிருந்து வர இயலாதவர்களுக்காக, புறநோயாளிகள் எண்ணிக்கை, பிரசவங்களின் எண்ணிக்கை, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்கள், முதலாண்டில் தேறியவர்கள் எத்தனை பேர், உதவித்தொகை எவ்வளவு என்ற விவரங்களை ஒவ்வொரு கல்லூரியும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, தேர்வுக்குழுவின் இணையதளத்தில் கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வெளியிடச் செய்யலாம். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வரும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளும் அரசு, கல்லூரியைப் போய்ப் பார்த்து வருவதற்கான இரண்டு பேருந்துச் சீட்டுகளையும் ஏற்றுக்கொள்வது பெரிய பாரமாக இராது.

மருத்துவக் கல்வி இயக்குநரகமும் தேர்வுக்குழுவும் வரும் சேர்க்கைக்கான அட்டவணையைத் தயாரிக்கும்போதே இந்த இரண்டு நாட்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு நாள் அறிவிக்கப்பட்டால், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளிலிருந்து பெற்றோர் துணையின்றி வரும் பிள்ளைகளை அழைத்துப் போய் வர, என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆத்தங்குடித் தொழிலாளியும் அன்று ஒரு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்